எடை குறைந்தபோது என் டெஸ்டோஸ்டிரோனுக்கு என்ன ஆனது?

என் முதல் ரத்த அறிக்கையில், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவு டெசிலிட்டருக்கு 214 நானோகிராம். ஆய்வகம் கீழ் எல்லையாக அச்சிட்டிருந்தது 264. எண்ணுக்குப் பக்கத்திலேயே கீழ்நோக்கிய ஓர் அம்புக்குறி, தடித்த எழுத்தில். அப்போது என் எடை 121 கிலோ. வயது நாற்பதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. சர்க்கரை கூடிவிட்டது, ரத்த அழுத்தம் கூடிவிட்டது என்றால் நான்கு பேரிடம் சொல்லிப் புலம்பலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? தாளை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பருமனான ஆண்களில் கணிசமானவர்களுக்கு இந்த எண் குறைவாகத்தான் இருக்கிறது. அவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. ஊசி விற்பவர்களும், 'ஆண்மை பெருக்கும்' மாத்திரை விற்பவர்களும்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நானும் கொஞ்சம் பேசலாம் என்று தோன்றியது. நான் மருத்துவன் அல்ல, கணக்கு எழுதிப் பிழைப்பவன். எண்களைப் பார்த்தால் அவை எப்படி வந்தன என்று துருவாமல் விட முடியாது. அந்தத் தொழில் புத்திதான் இந்த விஷயத்தில் எனக்குத் துணையாக இருந்தது.

பரிசோதனைக்கு என்னை அனுப்பியது என் மனைவி. நான் 'வேலைக் களைப்பு' என்று பெயர் சூட்டி ஒதுக்கிவைத்திருந்த எல்லாவற்றையும் அவள் தனித்தனியாகக் கவனித்திருந்தாள். இரவெல்லாம் குறட்டை, நடுவில் மூச்சே நின்றுபோவது, காலையில் எழும்போதே சோர்வு, எதற்கெடுத்தாலும் எரிச்சல். படுக்கையறை விஷயத்தை மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஹார்மோன் மருத்துவர் முதல் சந்திப்பிலேயே மூன்று கேள்விகளை நேராகக் கேட்டார்: காலையில் விழிக்கும்போது விறைப்பு இருக்கிறதா, பாலுறவில் நாட்டம் குறைந்திருக்கிறதா, உறவின்போது விறைப்பு நிற்கிறதா? ஐரோப்பாவில் நடுத்தர வயது ஆண்களையும் முதியவர்களையும் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்றில், டெஸ்டோஸ்டிரோன் குறைவோடு உறுதியாகப் பொருந்திவந்தவை இந்த மூன்று அறிகுறிகள்தாம். சோர்வும் மனச்சோர்வும் வேறு நூறு காரணங்களாலும் வரலாம்.

பிறகு அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மணிச்சரத்தை எடுத்தார். முட்டை வடிவ மணிகள் பன்னிரண்டு, சிறியதிலிருந்து பெரியது வரை நூலில் கோத்தவை. ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண், 1 முதல் 25 மில்லிலிட்டர் வரை. ஒரு கையில் அந்தச் சரம், மறு கையால் விரைகளைத் தொட்டுப் பார்த்து, எந்த மணிக்கு ஒப்பாக இருக்கிறது என்று கணிப்பது. எனக்கு 20 என்று குறித்துக்கொண்டார். கூச்சத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த எண்ணின் அருமை அப்போது தெரியவில்லை. விரைகள் மிகச் சிறுத்திருந்தால் பிறவியிலேயே வரும் கிளைன்ஃபெல்டர் போன்ற நிலைகளைச் சந்தேகிக்க வேண்டும். உற்பத்தி செய்யும் இடமே பழுது என்று பொருள். இயல்பான அளவில் இருந்தால், ஆலை நன்றாகவே இருக்கிறது, மேலிடத்து உத்தரவுதான் சரியாக வரவில்லை.

உத்தரவு மூளையிலிருந்து வருகிறது. ஹைப்போதலாமஸ் துடிப்புத் துடிப்பாகச் சைகை அனுப்ப, பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது விரைகளுக்குப் போய் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கச் சொல்கிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் எல்.எச். ஏறியாக வேண்டும். என் எல்.எச். 2.6, சோம்பிக் கிடந்தது. பருமனான ஆண்களிடம் வழக்கமாகக் காணப்படும் சித்திரம் இதுதான் என்றார் மருத்துவர். உடலில் கூடிய கொழுப்பு, அதனால் உடலெங்கும் எப்போதும் கனன்றுகொண்டிருக்கும் மெல்லிய அழற்சி, இன்சுலின் சரிவர வேலை செய்யாமை, கொழுப்புத் திசு அளவுக்கு மீறிச் சுரக்கும் லெப்டின் எல்லாம் சேர்ந்து மூளையின் அந்தச் சைகையை மங்கச் செய்துவிடுகின்றன.

அதற்கும் முன்பே நடக்கிற இன்னொரு விஷயம் உண்டு. அதைப் புரிந்துகொள்ளாமல் யாரும் தன் அறிக்கையைப் படிக்க முடியாது என்பது என் கருத்து. ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் ஏறத்தாழ 2 சதவீதம்தான் எதனோடும் ஒட்டாமல் தனியாக இருக்கிறது. மீதியில் ஒரு பங்கு அல்புமின் என்ற புரதத்தோடு தளர்வாகவும், இன்னொரு பங்கு எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தோடு இறுக்கமாகவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் தொழில் மொழியில் சொன்னால், மொத்த டெஸ்டோஸ்டிரோன் என்பது மொத்தச் சொத்து, தனியாக இருக்கும் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் கையிருப்பு ரொக்கம், எஸ்.எச்.பி.ஜி. முதிர்வு தேதி வராத வைப்புநிதி. அந்த எஸ்.எச்.பி.ஜி. உற்பத்தியாவது கல்லீரலில். கல்லீரலில் கொழுப்பு படிந்து, ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருந்தால் அதன் உற்பத்தி குறைந்துவிடும். அது குறைந்தால் மொத்தக் கணக்கும் குறையும், கையிருப்பு அதிகம் மாறாமலே இருந்தாலும். எனக்கு எஸ்.எச்.பி.ஜி. 14 நானோமோல்தான். ஆகவே 214 என்ற எண்ணின் பயங்கரத்தில் ஒரு பகுதி வெறும் தோற்றம்.

ஒரு பகுதிதான், முழுவதும் அல்ல. மருத்துவர் எஸ்.எச்.பி.ஜி.யையும் அல்புமினையும் வைத்துக் கணக்கிட்ட ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 213 பிகோமோல். மேலே சொன்ன அதே ஐரோப்பிய ஆய்வு வைத்த எல்லை 220. எல்லைக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, அறிகுறிகளும் இருக்கின்றன. சில ஆய்வகங்கள் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோனை நேரடியாக ஒரு மலிவான முறையில் அளந்து தருவதும் உண்டு. அது நம்பத்தக்கதல்ல, கணக்கிட்டுப் பெறுவதே மேல் என்பது நிபுணர்களின் கருத்து. கணக்கு எழுதுகிறவனுக்கு இதைவிட இனிப்பான செய்தி வேறென்ன வேண்டும்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. 'நாற்பதுக்கு மேல் இதெல்லாம் இயற்கை' என்று ஆறுதல் சொல்பவர்கள் நிறைய. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2007-இல் ஒரு கணக்கைச் சொன்னது: உடல் எடைக் குறியீடு 4 அல்லது 5 புள்ளி கூடினால் டெஸ்டோஸ்டிரோன் இறங்கும் அளவு, ஏறத்தாழ 10 ஆண்டு மூப்புக்குச் சமம். என் உயரத்துக்கு அது பதின்மூன்று, பதினான்கு கிலோ. மணம் முடித்த நாளிலிருந்து நான் சேர்த்துக்கொண்டது அதைவிட மிக அதிகம். மூப்பைத் திருப்ப முடியாது; எடையைத் திருப்பலாம் அல்லவா?

டெஸ்டோஸ்டிரோன் ஊசியின் பேச்சு இங்கேதான் வந்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் பழக்கமான நண்பர் ஒருவர், "இதற்கா இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கிறாய்? மாதத்துக்கு ஓர் ஊசி, இருபது வயதுக்குத் திரும்பிவிடுவாய்" என்றார். அவர் போட்டுக்கொண்டிருந்தார், தோள்கள் அகன்று பார்க்க நன்றாகவே இருந்தார். மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "அவருக்குக் குழந்தைகள் இருக்கிறார்களா?"

காரணம் எளிது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், 'போதுமானது இருக்கிறது' என்று மூளை எல்.எச்.ஐயும், விரைகளுக்குச் செல்லும் இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோனான எஃப்.எஸ்.எச்.ஐயும் நிறுத்திவிடும். அவை நின்றால் விரைக்குள் விந்தணு உற்பத்தியும் நிற்கும். 1990-களில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளில், இதே டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்; பெரும்பாலானவர்களுக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது. 'ஆண்மைக்கு' என்று ஒருவன் போட்டுக்கொள்வது அவனுக்கே கருத்தடையாகிறது. என் நண்பரின் கதையும் அப்படித்தான் ஆனது. குழந்தைக்கு முயன்றபோது பரிசோதனையில் விந்தணு ஒன்றுகூட இல்லை. ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவரும், ஆனால் மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டும் தாண்டும். அந்தக் காத்திருப்பில் அவரும் அவர் மனைவியும் பட்ட பாட்டை நான் அருகில் இருந்து பார்த்தேன்.

ஊசி முழுக்கத் தீமை என்று சொல்லிவிட்டுப் போவதும் நேர்மையாகாது. 2021-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், வயிறு பெருத்து, டெஸ்டோஸ்டிரோன் குறைந்து, சர்க்கரை நோயின் விளிம்பிலோ புதிதாக அதில் விழுந்தோ இருந்த 1,007 ஆண்களை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வாழ்க்கைமுறைப் பயிற்சி. ஒரு பாதிக்கு மட்டும் கூடவே டெஸ்டோஸ்டிரோன் ஊசி. இரண்டு ஆண்டுகளின் முடிவில் ஊசி போட்டவர்களில் 12 சதவீதத்தினருக்கும், போடாதவர்களில் 21 சதவீதத்தினருக்கும் சர்க்கரை நோய் இருந்தது. நல்ல பலன்தான். அதே ஆய்வில் ஊசி போட்டவர்களில் 22 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 54 சதவீத எல்லையைத் தாண்டி ரத்தம் கெட்டியானது. உறக்கத்தில் மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு அந்த நிலை மோசமாகவும் கூடும். எனக்கு அது இருந்தது. "எடையைக் குறைத்துப் பாருங்கள். குறைத்த பிறகும் எண் ஏறவில்லை, அறிகுறிகளும் போகவில்லை என்றால் அப்போது ஊசியைப் பற்றிப் பேசுவோம்" என்றார் மருத்துவர். ஊசியை மறுக்கவில்லை, தள்ளிவைத்தார். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

அதற்கு முன் அவர் வேறு காரணங்கள் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிட்யூட்டரி சுரக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன், தைராய்டு, இரும்புச்சத்து அளவுகள். டெஸ்டோஸ்டிரோன் 150-க்கும் கீழே போயிருந்தாலோ, புரோலாக்டின் விடாமல் கூடியிருந்தாலோ, தலைவலியும் பார்வை மங்கலும் இருந்தாலோ பிட்யூட்டரியில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருப்பாராம். தொடர்ந்து எடுக்கும் வலிநிவாரணிகள், ஸ்டீராய்டுகள் பற்றியும் விசாரித்தார். ஓபியம் வகை வலிநிவாரணிகள் டெஸ்டோஸ்டிரோனை நன்றாகவே இறக்கும். பிறகு, நான் எதிர்பாராதபடி, இதயப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். விறைப்புக் குறைபாடு பல ஆண்களுக்கு ரத்தக்குழாய் நோயின் முன்னறிவிப்பு. ஆணுறுப்பின் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை, அடைப்பு அங்கே முதலில் தெரிந்துவிடும். எல்லாப் பழியையும் ஹார்மோன் தலையில் போட்டுவிட்டால் இதைக் கோட்டை விட்டுவிடுவோம்.

ரத்தப் பரிசோதனை பற்றிச் சில நடைமுறைக் குறிப்புகள். இவை தெரியாமல் எடுத்த அறிக்கையைக் குப்பையில் போடலாம். டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்கும். ஆகவே ஏழு மணிக்கும் பத்து, பதினொன்றுக்கும் இடையில் ரத்தம் கொடுக்க வேண்டும். வெறும் வயிறாக இருக்க வேண்டும். குளுக்கோஸ் கரைசல் குடித்த ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக 25 சதவீதம் சரிந்ததாக ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. காய்ச்சல், சளி, இரவுப் பணி முடிந்த மறுநாள் வேண்டாம். ஒரே ஓர் அறிக்கையை வைத்து முடிவுக்கு வரக்கூடாது, இன்னொரு காலையில் மறுபடி பார்க்க வேண்டும். முடி வளர என்று பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் சில நாள் முன்பே நிறுத்திவிட்டு, ஆய்வகத்திலும் சொல்லிவிட வேண்டும். பல ஆய்வகக் கருவிகளில் அது டெஸ்டோஸ்டிரோனைப் பொய்யாகக் கூட்டியும் எல்.எச்.ஐப் பொய்யாகக் குறைத்தும் காட்டக்கூடும். அலகையும் பாருங்கள். நானோமோலில் வந்த எண்ணை நானோகிராம் என்று நினைத்து நடுங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். 10 நானோமோல் என்பது 288 நானோகிராம்.

எடையை எப்படிக் குறைத்தேன் என்பதை விரித்து எழுதப் போவதில்லை. உலகில் அதற்குப் புத்தகங்கள் போதுமான அளவு இருக்கின்றன. சாப்பிடும் அளவைக் குறைத்தேன், புரதத்தைக் குறையாமல் பார்த்துக்கொண்டேன், எடை தூக்கினேன், நடந்தேன். எடை தூக்கியதற்குக் காரணம் டெஸ்டோஸ்டிரோனை ஏற்றுவதல்ல. பயிற்சி முடிந்ததும் அது சிறிது ஏறி விரைவிலேயே இறங்கிவிடும், அதை வைத்துக் கோட்டை கட்ட முடியாது. எடை இறங்கும்போது கொழுப்போடு தசையும் போகும், ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு வரை. ஏற்கெனவே டெஸ்டோஸ்டிரோன் குறைந்த உடம்புக்கு அந்த இழப்பைத் தாங்க வலு கிடையாது. அதற்காகத்தான் எடை தூக்குவது.

உறக்கத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். இரவெல்லாம் முகத்தில் மாட்டிக்கொள்ளும் காற்றழுத்தக் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அதை மாட்டினால் நான் போர் விமானி போல இருப்பதாக என் மகள் சிரித்தாள். அந்தக் கருவி மட்டுமே டெஸ்டோஸ்டிரோனை உயர்த்தும் என்பதற்கு ஆய்வுகள் உறுதியாகத் துணை நிற்கவில்லை. ஆனால் நன்றாகத் தூங்கியவனுக்குத்தான் மறுநாள் பசியை அடக்கவும் பயிற்சிக்குப் போகவும் தெம்பு இருக்கும். உறக்கக் குறைவே டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பதும் உண்மை: 2011-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் பத்துப் பேரை ஒரு வாரம் இரவில் ஐந்து மணி நேரம் மட்டுமே தூங்க விட்டார்கள், பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் வரை இறங்கியது.

எடை 111-க்கு வந்தபோது, அதாவது 8 சதவீதம் குறைந்திருந்தபோது, அடுத்த அறிக்கை. டெஸ்டோஸ்டிரோன் 260. நாற்பத்தாறு புள்ளி ஏற்றம்! கூடவே எஸ்.எச்.பி.ஜி. 14-லிருந்து 21-க்கு ஏறியிருந்தது. ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் 221; முன்பு 213. எல்.எச். 2.8, முன்பு 2.6. ஆக, எண் ஏறியதில் பெரும்பகுதி கல்லீரல் குணமாகிக்கொண்டிருப்பதன் அடையாளம். மூளை இன்னும் முழுக்க விழிக்கவில்லை. "முதலில் எஸ்.எச்.பி.ஜி. ஏறும், பிறகுதான் மற்றது" என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்ததால் எனக்கு ஏமாற்றம் இல்லை. அந்த ஐரோப்பிய ஆய்வும் இதையேதான் காட்டியது: எடை 15 சதவீதத்துக்குக் குறைவாக இறங்கியவர்களுக்கு மொத்த டெஸ்டோஸ்டிரோனும் எஸ்.எச்.பி.ஜி.யும் கூடின, ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் குறிப்பிடும்படி மாறவில்லை. 15 சதவீதத்துக்கு மேல் இறங்கியவர்களுக்கு எல்.எச்.சும் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்து ஏறின. நிறையப் பேர் இந்த முதல் கட்டத்திலேயே, 'இவ்வளவு பாடுபட்டும் ஒன்றும் தெரியவில்லையே' என்று கைவிட்டுவிடுகிறார்கள் என்பது என் ஊகம்.

இந்தக் கட்டத்தில் ஒரு சபலம் வரும்: இன்னும் கடுமையாகப் பட்டினி கிடந்தால் சீக்கிரம் முடிந்துவிடுமே என்று. கடும் ஆற்றல் பற்றாக்குறையில் உடல் இனப்பெருக்கத்தைத்தான் முதலில் ஒதுக்கிவைக்கும். அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் பயிற்சியில், வாரக்கணக்கில் அரைவயிறும் அரைத்தூக்கமுமாக இருந்த ஒல்லியான இளைஞர்களின் டெஸ்டோஸ்டிரோன், விரை நீக்கப்பட்டவர்களின் அளவை நெருங்கும்படி சரிந்திருக்கிறது. பருமனானவர்களுக்குச் சேமிப்பு இருப்பதால் அவ்வளவு மோசமாகாது. என்றாலும், எடை வேகமாகச் சரிந்துகொண்டிருக்கும் வாரத்தில் பரிசோதனை செய்து அந்த எண்ணைப் பார்த்துக் கலங்குவதில் பொருளில்லை. எடை சில வாரம் ஓரிடத்தில் நின்ற பிறகு பார்ப்பதே உண்மை நிலையைச் சொல்லும்.

விசித்திரம் என்னவென்றால், அறிக்கையில் பெரிதாக ஒன்றும் மாறாத அந்தக் காலத்திலேயே உடம்பில் மாற்றம் தெரிந்தது. முதலில் போனது எரிச்சல். பிறகு பகல் தூக்கம். காலை விறைப்பு எப்போதாவது தலைகாட்டத் தொடங்கியது. பெல்ட்டில் துளைகள் உள்ளே நகர்ந்தன. ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரியும் திறனும், மூச்சிரைக்காமல் இருப்பதும், கண்ணாடி முன் நிற்கும்போது வரும் தெம்பும் ஹார்மோனைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. நாட்டம் மட்டும் மெதுவாக, கடைசியாக வந்தது. அதிலும் எல்லாம் ஹார்மோன் அல்ல. சில ஆண்டுகளாகச் சாக்குப்போக்கு சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்ட ஒருவன் மீண்டும் மனைவி பக்கம் திரும்புவதற்கு ரத்தப் பரிசோதனை உதவாது, பேச்சுத்தான் உதவும். நாங்கள் பேசினோம். எனக்குக் குறைந்துபோனது அவள்மீதுள்ள ஈர்ப்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மடித்து வைத்த அந்த ரத்த அறிக்கையை அப்போதுதான் அவளிடம் காட்டினேன்; முழுதாகப் படித்துவிட்டு, "இதை முதலிலேயே காட்டியிருக்கலாமே" என்றாள்.

எடை 98-க்கு வந்து, அங்கேயே சில மாதம் நின்ற பிறகு எடுத்த அறிக்கை: டெஸ்டோஸ்டிரோன் 390, எஸ்.எச்.பி.ஜி. 29, ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் 292, எல்.எச். 4.5. இம்முறை ரொக்கமும் ஏறியிருந்தது. மருந்து எதுவும் இல்லை. இது எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். 2013-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உணவுக் கட்டுப்பாட்டால் சராசரியாக 9.8 சதவீதம் எடை குறைந்தவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் 2.9 நானோமோல், அதாவது ஏறத்தாழ 84 நானோகிராம் கூடியிருந்தது. எடை குறைப்பு அறுவைச் சிகிச்சையால் 32 சதவீதம் குறைந்தவர்களுக்கு 8.7 நானோமோல், ஏறத்தாழ 250 நானோகிராம். குறைகிற எடைக்கு ஏற்ற கூலி என்று வைத்துக்கொள்ளலாம். 5 கிலோ குறைத்துவிட்டு அதிசயத்தை எதிர்பார்ப்பது சரியல்ல. அதற்காக 5 கிலோ வீண் என்றும் பொருளல்ல, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அதுவே நல்லது.

பெண் ஹார்மோன் என்று பெயர் பெற்ற ஈஸ்ட்ராடியோலைப் பற்றி ஆண்கள் கேட்கத் தயங்குவார்கள், ஆனால் இணையத்தில் தேடுவார்கள். கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ராடியோலாக மாற்றுகிறது என்பது உண்மை. அதை அடக்க மாத்திரை போடலாம் என்று உடற்பயிற்சிக் கூடத்து நண்பர்கள் சொல்வார்கள். ஆணின் எலும்புக்கும் நாட்டத்துக்குமே ஈஸ்ட்ராடியோல் தேவை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துக்கொண்டே ஈஸ்ட்ராடியோலை மட்டும் அடக்கியபோது ஆண்களுக்குக் கொழுப்பு கூடியது, பாலுறவுச் செயல்பாடு குறைந்தது. என் ஈஸ்ட்ராடியோல் எண்களை நான் இங்கே எழுதவில்லை. ஆண்களிடம் உள்ள சிறு அளவுகளை வழக்கமான கருவிகள் துல்லியமாக அளப்பதில்லை, அவற்றை வைத்து எதையும் நிறுவ விருப்பமில்லை.

மார்பு விஷயம் மட்டும் எண்ணால் அடங்கவில்லை. பருமனான ஆண்களின் மார்பு பெருத்திருப்பதில் பெரும்பகுதி வெறும் கொழுப்பு. எடை குறைந்தால் அதுவும் குறையும். ஆனால் மருத்துவர் என் முலைக்காம்புக்குப் பின்னால் இரு விரலால் மெல்லப் பிடித்துப் பார்த்தபோது, வட்டமாக, ரப்பர் போல ஒரு தட்டு தட்டுப்பட்டது. அது சுரப்பித் திசு. நாள்பட்டால் அது நார்த்திசுவாக இறுகிவிடும், பிறகு எடை குறைந்தாலும் ஹார்மோன் சீரானாலும் கரையாது. எனக்கு இடப்பக்கம் இன்னும் இருக்கிறது. அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்றார். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக வளர்ந்தாலோ, தோல் சுருங்கினாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ தாமதிக்கக் கூடாது. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் அரிதாக வரும்.

குழந்தைக்கு முயல்பவர்களுக்கு ஒரு செய்தி. டென்மார்க்கில் 56 பருமனான ஆண்களை எட்டு வாரம் குறைந்த கலோரி உணவில் வைத்துச் சராசரியாக 16.5 கிலோ குறைத்தார்கள். விந்தணு அடர்த்தி 1.49 மடங்கானது, 2022-இல் வெளியான முடிவு இது. எடையை மீண்டும் ஏறவிடாமல் காத்தவர்களுக்கு மட்டுமே அந்தப் பலன் ஓராண்டுக்குப் பிறகும் நின்றது. எல்லா ஆய்வுகளும் இவ்வளவு நல்ல முடிவைத் தரவில்லை, குறிப்பாக அறுவைச் சிகிச்சைக்குப் பின் விந்தணு விஷயத்தில் முடிவுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. ஒரு விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதம் போல ஆகும். அதனால் எடை குறைந்த மறுவாரமே விந்துப் பரிசோதனைக்கு ஓடுவதில் பயனில்லை.

எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகளைப் பற்றி அதே நண்பர் இப்போது கேட்கிறார். அவற்றால் எடை இறங்கினாலும் டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தான் செய்கிறது; உடம்புக்கு வேண்டியது கொழுப்பு குறைவது, எந்த வழியில் குறைந்தது என்பது இரண்டாம் பட்சம். மருந்தை நிறுத்தினால் எடை திரும்புவதும், எடை திரும்பினால் ஹார்மோன் இறங்குவதும் அதே கணக்குப்படிதான். முழங்கால் வலியால் பயிற்சி நின்றுபோன ஒரு பருவத்தில் எனக்குச் சில கிலோ திரும்பி வந்தது. அப்போது எடுத்த அறிக்கையில் டெஸ்டோஸ்டிரோன் 340. மருத்துவர் அதைப் பார்த்து ஒன்றும் பதறவில்லை. "முழங்காலைச் சரிசெய்துகொண்டு வாருங்கள், ஹார்மோனுக்கு என்று தனியாக ஒன்றும் வேண்டாம்" என்று எலும்பு மருத்துவருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.